டேங்க் வாயில் நிற்கிற அமுதாவைப் பற்றி

போன வாரம், பட்டறையில் புதிதாகச் சேர்ந்த உங்களில் இரண்டு பேர் என் வீடு தேடி வந்தீர்கள். ஓய்வு பெற்ற ஆளை நலம் விசாரிக்க வந்திருக்கிறார்கள், பரவாயில்லையே என்று நானும் ஏமாந்து டீ போடச் சொன்னேன். டீ வருவதற்குள் விஷயம் வந்துவிட்டது. புகார். பட்டறையில் அமுதா அக்கா சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துகிறாராம். டேங்குக்குள்ளிருந்து வெளியே வந்தபோது டார்ச்சின் வால்வு இம்மியளவு திறந்திருந்தது என்று உங்களில் ஒருவரை அரைநாள் வேலை செய்யவிடாமல் வெளியே நிற்க வைத்தாராம். "ஆர்கான் இன்னா விஷமா அண்ணே? நாம மூச்சு வுடற காத்துலயே இருக்குதுன்னுதானே படிச்சோம்?" என்று கேட்டீர்கள்.

கேள்வி நியாயமானது. ஆர்கான் விஷம் இல்லைதான். நான் அப்போது ஏதோ சிரித்து மழுப்பி உங்களை அனுப்பிவிட்டேன். பேச ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை, யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. ஆனால் இது என் கதை மட்டும் இல்லை என்பதால் அமுதாவின் வீட்டுக்குப் போய் அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அங்கே நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் தொண்டூர்ப் பக்கத்துக்காரன். செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் இருக்கிற இதே பட்டறையில், அது கீற்றுக் கொட்டகையாக இருந்த காலத்திலிருந்து டிக் வெல்டிங் செய்தவன். ஊர்க்காரர்கள் வாயில் அது ஆர்கான் வெல்டிங். பால் டேங்க், தண்ணீர் டேங்க், கோயில் உண்டியல், மாடிப்படிக் கைப்பிடி, எல்லாம் பற்றவைத்திருக்கிறேன். கண் மங்கியதும் முதலாளி மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார். மற்றபடி என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

உங்களுக்கு வேலை கற்றுத்தருவது என் எண்ணம் இல்லை. அதற்கு அங்கே ஆள் இருக்கிறார்கள். ஆனால் கேஸைப் பற்றியும் டங்ஸ்டனைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. டார்ச்சின் நுனியில் ஊசி மாதிரி நிற்கிறதே டங்ஸ்டன் ராடு, அதற்குக் கோபம் மூக்குக்கு மேல். சூடாக இருக்கும்போது வெளிக்காற்று பட்டால் கறுத்துவிடும். கறுத்த நுனியில் தீப்பொறி ஒரு இடத்தில் நிற்காமல் அலைபாயும். அப்புறம் நீங்கள் போடுகிற பீடு, அதாவது பற்றவைத்த கோடு, கரி பிடித்து ஓட்டை ஓட்டையாக வரும். அந்தக் காற்றைத் தள்ளிவைக்கத்தான் ஆர்கானை ஊதுகிறோம். புதிதாக வருகிறவர்கள் ராடு கறுக்கிறது என்றதும் ரெகுலேட்டரை இன்னும் கொஞ்சம் திறப்பார்கள். தெருக்குழாயை முழுக்கத் திறந்தால் குடத்தில் விழுவதைவிடப் புடவையில் தெறிப்பதுதான் அதிகம். இதுவும் அப்படித்தான். அளவுக்கு மேல் ஊதினால் கேஸ் சுழன்று வெளிக்காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்துவிடும். நானும் ஆரம்பத்தில் அப்படித் திறந்துவிட்டுக் கறுப்பு ராடும் காலி சிலிண்டருமாக நின்று வசை வாங்கியவன்தான்.

இன்னொரு எதிரி ஃபேன். செஞ்சி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் பாறை, மதியத்தில் ஷெட்டுக்குள் நிற்க முடியாது. ஆனாலும் ஆர்கான் வெல்டருக்கு ஃபேன் ஆகாது. காற்று வீசினால் கேஸ் கலைந்துவிடும். நல்ல வெல்டர் ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வையில் குளித்தபடி உட்கார்ந்திருப்பான். பீடு முடிந்ததும் டார்ச்சைச் சட்டென்று எடுக்க மாட்டான். நுனியின் சிவப்பு அடங்கும்வரை கேஸை ஓடவிட்டு அப்படியே பிடித்திருப்பான். எல்லாம் நல்ல பழக்கங்கள். திறந்த இடத்தில் வேலை செய்யும்வரை நல்ல பழக்கங்கள். அன்றைக்கு நடந்தது இந்த நல்ல பழக்கங்களால் நடந்ததுதான்.

குமரேசன் அப்படிப்பட்ட நல்ல வெல்டர். சிங்கவரத்துக்காரன். அமுதா அவன் மனைவி. பாலிஷ் போடும் வேலைக்கு வந்தவள், டங்ஸ்டன் தீட்டுகிற வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். டங்ஸ்டன் தீட்டுவதைப் பென்சில் சீவுவது போல என்று நினைத்துவிடாதீர்கள். மோட்டாரில் சுழலுகிற தீட்டுக்கல் போடுகிற கோடுகள் ராடின் நீளவாக்கில் விழ வேண்டும், குறுக்கே விழக்கூடாது. இரும்பு தீட்டிய கல்லில் அதை வைக்கவே கூடாது. அமுதா டங்ஸ்டனுக்கென்றே ஒரு கல் வைத்திருந்தாள். ஒரு ஆயுத பூசையின்போது முதலாளி தெரியாமல் அதில் அரிவாளைத் தீட்டிவிட்டார். அன்று அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பார்க்க எங்களுக்கே பாவமாக இருந்தது.

அவள் தீட்டித் தந்த ராடை குமரேசன் யாரையும் தொடவிட மாட்டான். "என் பொண்டாட்டி தீட்டினது, கை வைக்காதீங்க" என்பான். "ஆமா, பெரிய வைரம்" என்று அவள் கல்லுக்கு முன்னால் இருந்தே குரல் கொடுப்பாள். கறுக்கவிட்டுத் திருப்பிக் கொண்டுபோனால் திட்டு விழும். "நான் இன்னா மிஷினாய்யா? ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி தீட்டுறது?" என்பாள். அவன் சிரித்துக்கொண்டே நிற்பான். அந்தத் திட்டுக்காகவே அவன் போகிறான் என்று நாங்கள் கேலி செய்வோம். உண்மையில் அவன் அவளுக்கு வேலை வைக்கக்கூடாது என்று ராடைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்வான்.

பொத்திப் பார்த்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. அவன் மட்டும் இல்லை, பட்டறையே அதைத்தான் செய்தது. எங்கள் டார்ச்சில் கேஸ் வால்வு கைப்பிடியிலேயே இருக்கும். வேலையை நிறுத்தி அதை மூடிவிட்டால் ஹோஸுக்குள் கொஞ்சம் காற்று ஏறிவிடும். மறுபடி தொடங்கும்போது அந்தக் காற்று முதலில் வந்து நுனியைக் கறுத்துவிடும். ஆகவே டீ குடிக்கப் போகும்போது வால்வை முழுக்க மூடாமல், காதருகே வைத்தால் மட்டும் கேட்கிற அளவுக்கு ஓடவிட்டுப் போவோம். திரும்பி வரும்போது ராடு தீட்டியது தீட்டியபடி இருக்கும். முதலாளி பார்த்தால் கேஸ் வீணாகிறது என்று குதிப்பார், அதனால் சத்தமில்லாமல் செய்வோம். வெளியே செய்தால் கேஸ் வீண், அவ்வளவுதான். டேங்குக்குள் செய்தால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று அமாவாசை. மேல்மலையனூர் பஸ்கள் காலையிலிருந்தே ஆட்களை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. பட்டறையில் பாதிப் பேர் வரவில்லை. குமரேசனும் அமுதாவும் சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு மலையனூர் போவதாக இருந்தார்கள். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து தேறியிருந்தது, அங்காளம்மனுக்கு வேண்டுதல். ஒரு பால் டேங்கில் உள்பக்க ஜாயிண்ட் அடியில் கொஞ்சம் பாக்கி இருந்தது. அதை மதியத்துக்குள் முடித்துவிட்டால் கிளம்பலாம் என்று குமரேசன் உள்ளே இறங்கியிருந்தான். ஷெட்டில் நாங்கள் நாலே பேர். நான், அவன், அமுதா, அப்புறம் சாமான் ஏற்றி இறக்குகிற மாணிக்கம்.

டேங்க் உருளைகளின் மேல் படுத்திருந்தது. சுவிட்சைத் தட்டினால் உருளைகள் அதை மெல்லத் திருப்பும். ஆள் நுழைகிற வாய் மேலே இருந்தது, ஸ்டூல் போட்டு ஏறி உள்ளே இறங்க வேண்டும். காலையில் அந்த வாய் வழியாக ஒரு புளோயர் உள்ளே காற்றை ஊதிக்கொண்டிருந்தது. பீடு ஓட்டையாக வருகிறது, புளோயரை நிறுத்து என்று குமரேசன் கத்தினான். எந்த வெல்டரும் அதைத்தான் சொல்வான். மாணிக்கம் நிறுத்தினான்.

டீ நேரத்தில் குமரேசன் வெளியே வந்தான். சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. "உள்ள மலையனூர் கூட்டத்துல நிக்கற மாதிரி வேகுதுண்ணே" என்றான். அமுதா தன் டம்ளரிலிருந்து அவன் டம்ளருக்குக் கொஞ்சம் டீ ஊற்றினாள். புதிதாகத் தீட்டிய ராடை டார்ச்சில் மாட்டி, டார்ச்சை டேங்குக்குள்ளேயே தொங்கவிட்டு வந்திருந்தான். வால்வு மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆர்கான் காற்றைவிடக் கனம். மேலே ஏறி வெளியே போகாது. வாளியில் தண்ணீர் நிற்பது போல டேங்கின் அடியில் தேங்கி நிற்கும். நிறம் இல்லை, வாசனை இல்லை. இதையெல்லாம்விட மோசமானது, மூச்சு முட்டாது. தண்ணீரில் மூழ்குகிறவனுக்கு உடம்பு துடிக்கும், மேலே வரத் தவிப்பான். ஆர்கானுக்குள் நெஞ்சு வழக்கம்போல ஏறி இறங்கும். உயிர் தருகிற காற்று மட்டும் உள்ளே போகாது. ஆபத்து என்று உடம்பு ஒரு வார்த்தை சொல்லாது. அசதியில் தலை சாய்ப்பது போல ஆள் சாய்ந்துவிடுவான்.

குமரேசன் டீ குடித்துவிட்டு உள்ளே இறங்கினான். அடி ஜாயிண்டைப் போட ஒருக்களித்துப் படுக்க வேண்டும். படுத்திருப்பான். தீப்பொறி பற்றுகிற சத்தம் வரவில்லை. நான் வெளியே இன்னொரு வேலையில் இருந்தேன். அமுதாதான் முதலில் கல்லை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டாள்.

"யோவ், இன்னாய்யா, தூங்கிட்டியா? மலையனூர் வர்ற எண்ணம் இருக்குதா இல்லியா?"

கேலியாகத்தான் கேட்டாள். பதில் வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். அப்புறம் ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்தாள். அவள் போட்ட அலறலில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் ஒரு காலை டேங்குக்குள் விட்டிருந்தாள். ஓடிப்போய் அவளைச் சுற்றிக் கட்டிப்பிடித்து வெளியே இழுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்தே தரையில் விழுந்தோம்.

"வுடுண்ணே! வுடு! கண்ண மூடிகினு கெடக்கறாரு! கைக்கு எட்டற தூரம்ணே, வுடு!"

"எறங்காத! எறங்கினா நீயும் செத்துடுவ!"

"செத்தா சாவறேன்! உனக்கு இன்னா?"

மாணிக்கம் ஸ்டூலில் ஏறிக்கொண்டிருந்தான். "நான் எறங்கறேண்ணே" என்றான். அவனும் நல்லவன்தான், நல்லவர்கள்தான் இப்படிச் சாகிறார்கள். "எறங்கின, கால ஒடைச்சிடுவேன்! மொதல்ல சிலிண்டர மூடு!" என்று கத்தினேன். மூடினான். மூடிவிட்டு, இரும்பு வெட்டுகிற கட்டிங் செட்டில் இருக்கிற ஆக்சிஜன் ஹோஸை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். "ஆக்சிஜன் இல்லாமதானண்ணே மயங்கினாரு? இத உள்ள வுடலாம்ல?" கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் ஒரு பொறி போதும், போட்டிருக்கிற சட்டையே பற்றி எரியும். இதை நினைவில் வையுங்கள், அந்த நேரத்தில் உங்களுக்கும் அதுதான் தோன்றும். "அது வேணாம்டா! கம்ப்ரஸர் காத்து ஹோஸ உள்ள வுடு! டேங்க உருட்டு!" என்றேன்.

டேங்கை உருட்டு என்று சொன்னதும் அமுதா என் கையைக் கடித்தாள். "மனுஷன உள்ள வச்சி உருட்டுவியா? நீ மனுஷனா?" என்று அலறினாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. உள்ளே நினைவில்லாமல் ஆள் கிடக்கிறான். உருட்டினால் புரளுவான், தலை மோதும். ஆனால் வாய் மேலே இருக்கும்வரை கேஸ் வெளியே வராது. வாய் பக்கவாட்டில் சாய்ந்தால் தண்ணீர் போலக் கொட்டிவிடும், வெளியில் நின்றபடியே ஆளையும் இழுக்கலாம். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். மாணிக்கம் சுவிட்சைத் தட்டினான்.

அந்த உருளை எவ்வளவு மெதுவாகத் திரும்பும் என்று நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பீடு சீராக வரவேண்டும் என்று வேண்டுமென்றே மெதுவாக வைத்தது. அன்றைக்கு அது திரும்பிய விதத்தை நினைத்தால் இன்றைக்கும் என் பல் தானாகக் கடித்துக்கொள்கிறது. டேங்க் நகர்கிறதா என்றே தெரியவில்லை. அது திரும்பி முடியும்வரை நான் அமுதாவை விடவில்லை. அவள் அடித்தாள், உதைத்தாள், கெஞ்சினாள். "அண்ணே, உன் கால்ல வுழறேண்ணே" என்றாள். எல்லாவற்றையும்விட அந்தக் கெஞ்சல்தான் தாங்கவில்லை. ஒரு கணம் என் பிடி தளர்ந்தது உண்மை. மறுபடி இறுக்கிக்கொண்டேன்.

அவ்வளவு உறுதி எப்படி வந்தது என்று பிறகு பலர் கேட்டார்கள். உறுதியெல்லாம் இல்லை. எங்கள் ஊரில் பாழுங்கிணறு ஒன்று இருந்தது. தூர் வார இறங்கிய என் சித்தப்பா, அடியில் தேங்கியிருந்த கெட்ட காற்றில் மயங்கி மேலே வரவில்லை. தம்பியைத் தூக்கி வருகிறேன் என்று என் நைனா இறங்கினார். அவரும் வரவில்லை. சுற்றி நின்றவர்கள் நிறைய பேர், ஒருவரும் அவரைப் பிடித்து நிறுத்தவில்லை. தம்பிக்காக உயிரைக் கொடுத்தவர் என்று ஊரே பெருமையாகப் பேசியது. என் அம்மா ஒரு நாளும் அப்படிப் பேசவில்லை. "எவனாவது ஒருத்தன் அந்த ஆளு கைய புடிச்சி நிறுத்தக்கூடாதா?" என்பதையே சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது காதில் விழுந்தே வளர்ந்தவன் நான். என் மூளை எதையும் முடிவு செய்யவில்லை, கைதான் பிடித்தது.

வாய் பக்கவாட்டுக்கு வந்ததும், முகத்தை வெளியே வைத்துக்கொண்டு கையை மட்டும் நுழைத்து மாணிக்கம் அவனை இழுத்துப் போட்டான். நெஞ்சை அழுத்தினேன், வாயில் ஊதினேன். பட்டறை வாசலில் நின்ற குட்டி யானை வண்டியில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். ரோடு முழுக்க மலையனூர் பஸ்கள். ஒரு பஸ் டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டு இறங்கி ஓடிவந்து வழி எடுத்துக் கொடுத்தார். அமுதா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "சாயங்காலம் போவணும்யா, பாப்பா காத்துகினு இருக்குதுய்யா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். டாக்டர் தன்னால் ஆனதைப் பார்த்தார். வெளியே வந்து என்னிடம் சொன்னார். அமுதாவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அப்புறம் ஊர் பேசியது. பொண்டாட்டியைப் பிடித்துக்கொண்டு புருஷனைச் சாகவிட்டான் என்று சிலர் சொன்னார்கள். ஒரு உயிரையாவது காப்பாற்றினான் என்று சிலர் சொன்னார்கள். இரண்டும் என் காதுபடவே பேசப்பட்டது. அமுதா எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவளே பட்டறைக்கு வந்தாள். டங்ஸ்டன் தீட்ட மாட்டேன், டேங்க் வாயில் நிற்கிற வேலையைக் கொடுங்கள் என்று முதலாளியைக் கேட்டாள். அப்படி ஒரு வேலை அதுவரை இல்லை. அவள் கேட்டதால் உண்டாயிற்று. நீங்கள் கேலி செய்கிறீர்களே, ஆக்சிஜன் குறைந்தால் கீச்சு கீச்சு என்று கத்துகிற அந்தச் சின்ன மீட்டர், அதை வாங்க வைத்ததும் அவள்தான். டார்ச் வெளியே வரவேண்டும், சிலிண்டர் மூட வேண்டும், மீட்டர் சரி என்று சொல்ல வேண்டும், புளோயர் ஓட வேண்டும். பீடு ஓட்டையாக வந்தால் மறுபடி போடு, ராடு கறுத்தால் மாற்று, ஆனால் புளோயரை நிறுத்தாதே. முதலாளியே சொன்னாலும் அவள் சம்மதிக்காமல் ஒருவரும் உள்ளே இறங்க முடியாது. என்னிடம் மட்டும் அவள் பேசவில்லை. வேலை சம்பந்தமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் மாணிக்கத்தைப் பார்த்துச் சொல்வாள். நான் ஓய்வு பெறும்வரை அப்படித்தான் ஓடியது.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். உள்ளே விழுந்தவனைக் காப்பாற்ற ஓடுகிறவனைப் பிடிக்க வேண்டிய நாள் உங்களில் யாருக்காவது வரலாம். வரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். வந்தால் பிடியுங்கள். கடித்தாலும் விடாதீர்கள். கையெடுத்துக் கும்பிட மாட்டார்கள், நன்றி சொல்ல மாட்டார்கள். அதை எதிர்பார்த்துக்கொண்டு பிடிக்காதீர்கள்.

நீங்கள் புகார் சொல்லிவிட்டுப் போன மறுநாள் சிங்கவரம் போனேன். அமுதா முறத்தில் மல்லாட்டையை உடைத்து வேர்க்கடலைப் பருப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், அத்தனை வருடத்துக்குப் பிறகு என்னைப் பார்த்தே உட்காரச் சொன்னாள். பாப்பா இப்போது காலேஜ் போகிறது. உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று, அச்சு அசல் குமரேசன். புதுசாக வந்தவர்களுக்கு நடந்ததை எழுதப் போகிறேன், எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்கண்ணே. பேரு போட்டே எழுதுங்க. நான் சொன்னா அந்தப் பசங்க கேக்க மாட்டன்றானுங்க" என்றாள்.

சரி என்று எழுந்தேன். "ஒண்ணு கேக்கணும்" என்றாள். மறுபடி உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு என்னை வுட்டிருந்தா, அவர வெளிய தள்ளியிருப்பேனா?"

எத்தனையோ வருடமாக இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். "இல்லம்மா. ரெண்டு மூச்சு வுட்டிருப்ப. அவன் மேலயே வுழுந்திருப்ப" என்றேன்.

"தெரியும். தெனமும் மீட்டர வச்சிகினு நிக்கறேன், எனக்குத் தெரியாதா? நீங்க புடிச்சதாலதான் பாப்பாவுக்கு அம்மா இருக்குது. அதுவும் தெரியும். ஆனா நீங்க புடிச்சதாலதான் அதுக்கு நைனா இல்லன்னு மனசு சொல்லுது. அது பொய்யின்னும் தெரியும். தெரிஞ்சி இன்னா பண்றது?"

அவள் ஒரு மல்லாட்டையை எடுத்து உடைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க மேல கோவம் வச்சிருந்தா கொஞ்சம் சொகமா இருக்குதுண்ணே. இல்லன்னா வேற ஒண்ணு வந்துடுது. ராடு கறுத்தா நான் திட்டுவேன்னுதானே அந்த ஆளு வால்வ தொறந்து வச்சாரு? நான் ஒரு நாளாவது, கறுத்தா கறுத்துட்டுப் போவுது, மூடிட்டு வாய்யான்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. இவ்வளவு வருடமாக என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அதற்குக் கீழே இதை வைத்துக்கொண்டா இந்தப் பெண் தினமும் அந்த டேங்க் வாயில் நின்றாள் என்று அப்போதுதான் உறைத்தது.

"அமுதா, பட்டறையே தொறந்து வச்சிதும்மா" என்றேன். "நீ திட்டாம இருந்தாலும் வச்சிருப்பான். அந்தக் கோவம் என் மேலயே இருக்கட்டும். நான் சாவற வரைக்கும் பேசாம இரு, பரவாயில்ல. உன் மேல மட்டும் திருப்பிக்காத."

அவள் முறத்தைத் தள்ளிவைத்தாள். ஆஸ்பத்திரியில் அழாதவள், சுடுகாட்டுக்குத் தூக்கும்போதுகூட அழாதவள், என் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பாப்பா ஓடிவந்து என்ன ஆயிற்று என்று என்னைப் பார்த்தது. நான் கையைக் காட்டி அதை நிறுத்தினேன். அமுதாவிடம் அழாதே என்று சொல்லவில்லை. அவள் அழுது முடிக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.